பழைய விண்டோஸ் விஎம்கள் தாமாக ரீபூட் ஆகின்றன: சேதராப்பட்டு யூனிட், வழி சொல்லுங்கள்

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

வணக்கம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு பேக்கேஜிங் யூனிட்டில் சிஸ்டம் பார்க்கிறேன். இரண்டு ஹோஸ்ட் (நிஜ சர்வர்), இரண்டிலும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7, இரண்டையும் நிர்வகிக்க மேலே ஒரு விசென்டர். பத்துப் பன்னிரண்டு விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓடுகின்றன. புதியவற்றில் ஒரு குறையும் இல்லை. உயிரை வாங்குபவை இரண்டு.

ஒன்று விண்டோஸ் சர்வர் 2003. உற்பத்திக் கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கிறது. விபி6-இல் எழுதியது, பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் 2000. எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொன்று 2008 ஆர்2. ஃபைல் சர்வரும் பிரிண்ட் சர்வரும் அதுதான். இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் ரீபூட் ஆகின்றன.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 6008 என்ற ஈவென்ட் வரிசையாக நிற்கிறது, 'முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது' என்று. 2003-இல் லாகின் செய்ததும் ஏன் நின்றது என்று ஒரு பெட்டி வந்து கேட்கும் இல்லையா, அதில் ஷிஃப்ட் ஆட்கள் ஆளுக்கொன்று தட்டியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் பதிவாகும் 1076 ஈவென்ட்டைத் திறந்தால் ஒன்றில் வெறும் புள்ளி, ஒன்றில் 'கரண்ட்', ஒன்றில் 'தெரியல சார்', இன்னொன்றில் யாரோ தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார்.

யுபிஎஸ் பார்த்தாச்சு. அது போயிருந்தால் எல்லா விஎம்மும் அல்லவா விழ வேண்டும்? ஹோஸ்ட் ரேமையும் சோதித்தாச்சு. முதலாளி 'பழைய விண்டோஸ், அப்படித்தான் இருக்கும்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வடலூரான்

2003-க்கு சப்போர்ட் முடிந்தது 2015 ஜூலை 14. 2008 ஆர்2-க்கு 2020 ஜனவரி 14. கீழே இருக்கும் 6.7-க்கே 2022 அக்டோபர் 15-இல் முடிந்துவிட்டது. மூன்று பேரும் ரிட்டயர் ஆனவர்கள். பென்ஷன் கொடுத்து அனுப்பாமல் நைட் ஷிஃப்ட் போட்டு வைத்திருக்கிறீர்கள். புதுசுக்கு மாறுங்கள், வேறு பேச்சு எதற்கு?

கெடிலக்கரை

வடலூர் தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. கடலூர் சிப்காட்டில் லேப் கருவியோடு ஒட்டிப் பிறந்த எக்ஸ்பி, 2003 எல்லாம் இன்னமும் விஎம்மாக ஓடுகின்றன. கருவியை மாற்றாமல் அதை மாற்ற முடியாது, கருவியின் விலையைக் கேட்டால் முதலாளி எழுந்து போய்விடுவார். பழசு என்பதால் மட்டும் ஒரு இயங்குதளம் ராத்திரி 2 மணிக்கு எழுந்து தானே ரீபூட் ஆகாது.

சேதராப்பட்டுத் தம்பி, முதலில் யார் ரீபூட் செய்தது என்று கண்டுபிடியுங்கள். ஏன் என்பது அப்புறம். உள்ளே யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், முறையாக ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் சிஸ்டம் லாகில் 1074 இருக்கும். எந்தப் புரோசஸ், எந்த யூசர் என்பதுகூட அதில் இருக்கும். உங்களுக்கு 6008 வந்திருப்பதால் அது இல்லை. மீதி இரண்டு. விண்டோஸ் ப்ளூஸ்கிரீன் அடித்துத் தானே எழுந்திருக்கலாம். அப்படியென்றால் 1001 என்ற ஈவென்ட்டும், விண்டோஸ் ஃபோல்டரில் மெமரி டம்ப்போ மினிடம்ப்போ (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) கிடக்க வேண்டும். டம்ப் எழுத சி டிரைவில் பேஜ்ஃபைல் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் கோப்பு) இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். சிலர் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பேஜ்ஃபைலை வேறு டிரைவுக்குத் தள்ளியிருப்பார்கள். டம்ப்பும் இல்லை, 1001-உம் இல்லை என்றால் வெளியே இருந்து யாரோ ரீசெட் அடித்திருக்கிறார்கள்.

2008 ஆர்2-இல் இன்னொரு வசதி உண்டு. கெர்னல்-பவர் 41 என்ற ஈவென்ட்டைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் (ப்ளூஸ்கிரீனின் காரண எண்) என்ன என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் வெளியே இருந்து அறுந்தது. வேறு எண் என்றால் ப்ளூஸ்கிரீன். 2003-இல் இந்த 41 கிடையாது.

அப்புறம் முக்கியமாக, இரண்டு மெஷினின் நேரங்களையும் தனித்தனியாக எழுதிப் போடுங்கள். சேர்த்துப் பார்க்காதீர்கள்.

பண்ருட்டி பலா

ஒரு மணிக்கு ஒரு தடவை, அச்சடித்த மாதிரி விழுகிறதா? எங்கள் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீஸில் 2008 ஆர்2 இப்படித்தான் ஆடியது. 180 நாள் ட்ரையல் போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். காலம் முடிந்தால் டபிள்யூஎல்எம்எஸ் என்று ஒரு சர்வீஸ் மணிக்கொரு தரம் அணைத்துவிடும். 1074-இல் அதன் பெயரே இருக்கும். யாரும் திறந்து பார்க்கவில்லை, புது சர்வர் வாங்க கொட்டேஷன் வாங்கிவிட்டார்கள்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

ட்ரையல் இல்லை பலா சார், ஒழுங்கான லைசென்ஸ்தான்.

கெடிலக்கரை அண்ணே, நீங்கள் சொன்னபடி பிரித்து எழுதினேன். பிரித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிகிறது. 2003 விழுவது எல்லாமே ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். பகலில் ஒரு தடவைகூட இல்லை. 2008 ஆர்2 விழுவது பகல் ஷிஃப்டில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

2003-இல் 1001 இல்லை, டம்ப் இல்லை, பேஜ்ஃபைல் சி டிரைவில்தான் இருக்கிறது. 2008 ஆர்2-இல் 41 இருக்கிறது, பக்செக்கோட் 80. மினிடம்ப் ஃபோல்டரில் கோப்புகள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் குழப்பம். 2003-இன் விஎம்வேர் லாகில் ரீபூட் 20:40 என்று இருக்கிறது. விண்டோஸில் 2:10.

கெடிலக்கரை

குழப்பமே இல்லை. இஎஸ்எக்ஸ்ஐ லாக் முழுக்க யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 20:40-உம் அதிகாலை 2:10-உம் ஒன்றே, தேதி மட்டும் ஒரு நாள் பின்னால் இருக்கும். இது தெரியாமல் தப்பான தேதி லாகைப் படித்துக்கொண்டு பொழுதைக் கழித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

சரி, இப்போது இது இரண்டு தனி வழக்கு. 2008 ஆர்2 தானே விழுகிறது. 2003-ஐ யாரோ தள்ளிவிடுகிறார்கள். முதலில் 2003-ஐ எடுப்போம். லாகில் அந்த 20:40-க்குப் பிறகும் அதே கோப்பு தொடர்கிறதா, அல்லது புது லாக் கோப்பு தொடங்குகிறதா? புதுசு தொடங்கினால் விஎம் முழுசாக அணைந்து எழுந்திருக்கிறது, ஹோஸ்ட் செத்திருக்கலாம். அதே கோப்பில் 'சிபியு ரீசெட்' என்று வரி வந்து தொடர்ந்தால் ரீசெட் பட்டன்.

இன்னொன்று. டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) அந்த விஎம்மின் ஃபோல்டரைத் திறந்து, பிஎன்ஜி படக் கோப்பு ஏதாவது கிடக்கிறதா பாருங்கள்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

அதே கோப்புதான் தொடர்கிறது, 'சிபியு ரீசெட்' வரி இருக்கிறது.

அண்ணே, படம் இருக்கிறது! ஒன்றல்ல, வரிசையாக. நான் யாரோ டெஸ்டுக்கு எடுத்துப் போட்ட ஸ்கிரீன்ஷாட் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன். திறந்தால் 2003-இன் சாதாரண லாகின் திரை, கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் அழுத்தச் சொல்லி நிற்கிறது. ப்ளூஸ்கிரீன் எதுவும் இல்லை. கோப்பின் நேரமும் ரீபூட் நேரமும் ஒட்டி வருகின்றன.

கெடிலக்கரை

ஆள் அகப்பட்டார். அது விஎம்வேரின் எச்.ஏ. (ஹை அவெய்லபிலிட்டி) எடுத்த படம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எச்.ஏ. என்றால் ஹோஸ்ட் செத்தால் விஎம்மை அடுத்த ஹோஸ்டில் எழுப்புவது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். அதற்குள் விஎம் மானிட்டரிங் என்று தனியாக ஒன்று உண்டு. விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஹார்ட்பீட் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோய், கூடவே அந்த விஎம்மில் டிஸ்க், நெட்வொர்க் போக்குவரத்தும் 120 விநாடி இல்லை என்றால், உள்ளே இருக்கும் ஓஎஸ் உறைந்துவிட்டது என்று முடிவு கட்டி ரீசெட் அடித்துவிடும். அடிப்பதற்கு முன் திரையைப் படம் பிடித்து விஎம் ஃபோல்டரில் போடும். ப்ளூஸ்கிரீனா, உறைவா என்று பிறகு நாம் பார்ப்பதற்காக.

இது இயல்பாக அணைந்துதான் இருக்கும். உங்கள் கிளஸ்டரில் யாரோ போட்டிருக்கிறார்கள். விசென்டரில் அந்த விஎம்மைத் தேர்ந்து ஈவென்ட்ஸ் பாருங்கள். ஹோஸ்டில் நேரடியாக நுழைந்து பார்த்தால் போதாது. சீக்கிரம் பாருங்கள், விசென்டர் இயல்பாக 30 நாள் ஈவென்ட்தான் வைத்திருக்கும்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

விசென்டர் எங்களுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருக்கும் ஆட்களின் கையில். கேட்டு, பார்க்க மட்டும் ஒரு லாகின் வாங்கினேன். அப்படியே இருக்கிறது: 'இந்த விஎம் எச்.ஏ.-ஆல் ரீசெட் செய்யப்பட்டது, காரணம் டூல்ஸ் ஹார்ட்பீட் நின்றது', கூடவே படக் கோப்பின் பெயர். விஎம் மானிட்டரிங் மீடியத்தில் இருக்கிறது. யார் போட்டது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

கெடிலக்கரை

மீடியம் என்றால் ஹார்ட்பீட் 60 விநாடி நிற்க வேண்டும், 24 மணி நேரத்தில் மூன்று ரீசெட் வரைதான் அடிக்கும். ஹை என்றால் 30 விநாடி, ஒரு மணி நேரத்துக்கு மூன்று. ஒரே ராத்திரியில் மூன்றுக்கு மேல் விழுந்ததுண்டா?

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

கிடையவே கிடையாது. மூன்றைத் தாண்டியதில்லை. மூன்று முறை விழுந்த ராத்திரிகளில் காலை ஷிஃப்ட் ஆட்கள் 'விழவில்லை சார், ஆனால் விடிய விடிய ஆமையாக ஓடியது' என்றார்கள். இப்போதுதான் புரிகிறது.

வடலூரான்

அப்போது முடிந்தது. அந்த மானிட்டரிங்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா

இருங்க இருங்க. காவல்காரனை அனுப்பிவிட்டால் திருட்டு நின்றுவிடுமா? 2003 உறைந்தது நிஜம், படமே சாட்சி. ஹார்ட்பீட் மட்டும் நின்றிருந்தால் டூல்ஸ் சர்வீஸ் கெட்டது என்று விடலாம். டிஸ்க் போக்குவரத்தும் 120 விநாடி நின்றிருக்கிறது. அதுவும் ராத்திரி 2 மணிக்கு. நான் ஸ்டோரேஜ், பேக்கப் பார்க்கிறவள். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது: பேக்கப் எத்தனை மணிக்கு? இந்த விஎம் எந்த டேட்டாஸ்டோரில்?

லாஸ்பேட்டை லினக்ஸ்

அக்கா கேள்வியோடு என் கேள்வியும். அதே டேட்டாஸ்டோரில் லினக்ஸ் விஎம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நமக்கு இலவச சாட்சி.

இடையில் ஒரு பழைய கதை. சென்ட்ஓஎஸ் 6 ஓடிய காலத்தில், அதாவது 2.6.32 கெர்னல், ரீபூட் செய்யாமல் 208 நாள் ஓட்டிப் பெருமைப்பட்டவர்கள் சிலருக்கு 209-ஆம் நாள் காலையில் மெஷின் பேனிக் ஆகிக் கிடந்தது. கெர்னலுக்குள் நேரத்தை நானோ விநாடியில் கணக்கிடும் இடத்தில் 2-இன் 54-ஆம் அடுக்கைத் தாண்டியதும் எண் நிரம்பி வழிந்துவிடும். கணக்குப் போட்டால் சரியாக 208.5 நாள். கெர்னல் அப்டேட்டில் திருத்திவிட்டார்கள், ஆனால் அப்டேட் போடாதவர்களுக்கு இன்றைக்கும் அது உண்டு. எல்லாரும் மின்சாரத்தைத் திட்டினார்கள். பழைய ஓஎஸ்ஸே குற்றவாளியாக இருக்கவும் வாய்ப்புண்டு என்பதற்காகச் சொல்கிறேன், ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

பேக்கப் ராத்திரி 1:30-க்குத் தொடங்கும். 2003 இருப்பது ஐஸ்கசி வழியாக, அதாவது நெட்வொர்க்கில், வரும் ஒரு நாஸ் சேமிப்புப் பெட்டியில், நான்கு டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு). புதிய விஎம்கள் எல்லாம் ஹோஸ்ட்களின் எஸ்எஸ்டியில்.

லினக்ஸ் ஒன்று உண்டு சார், அட்டெண்டன்ஸ் மெஷினுக்காக ஒரு சென்ட்ஓஎஸ் 6. அதுவும் நாஸில்தான். அது ரீபூட்டே ஆனதில்லை, அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் மெசேஜஸ் லாகைத் திறந்தேன். 2003 விழுந்த அதே ராத்திரிகளில், 2:07 வாக்கில், 'ஜேபிடி2 டாஸ்க் 120 விநாடிக்கு மேல் பிளாக் ஆகியிருக்கிறது' என்று வருகிறது. அடுத்தடுத்து நாலைந்து.

லாஸ்பேட்டை லினக்ஸ்

சாட்சி வாய் திறந்தாச்சு. ஜேபிடி2 என்பது லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) எழுதும் த்ரெட். டிஸ்க்கில் எழுதக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பதில் வராமல் காத்திருக்கிறது. 2003-உம் அதே நேரத்தில் அதே மாதிரி காத்திருந்திருக்கும். ஒருவர் காத்திருந்து பிழைத்தார், இன்னொருவரைக் காவல்காரர் அடித்து எழுப்பினார்.

சென்ட்ஓஎஸ்ஸில் விஎம்வேர் டூல்ஸ் போட்டிருக்கிறீர்களா?

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

இல்லை.

லாஸ்பேட்டை லினக்ஸ்

அதனால்தான் பிழைத்தது. ஹார்ட்பீட்டே அனுப்பாத விஎம்மை எச்.ஏ. கண்காணிக்காது.

முத்தியால்பேட்டை அக்கா

இனி நாஸ் பக்கம். ஹோஸ்டின் விஎம்கெர்னல் லாகில் அந்த நேரத்துக்கு (நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து!) 'டிவைஸ் பெர்ஃபாமன்ஸ் மோசமாகிவிட்டது, லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) இவ்வளவிலிருந்து இவ்வளவு மைக்ரோ விநாடி ஆனது' என்ற வரியும், 'வால்யூம் தொடர்பு அறுந்தது' என்ற வரியும் தேடுங்கள். 2003-க்குள் தேடிப் பயனில்லை. உறைந்த டிஸ்க்கில்தானே அது லாக் எழுத வேண்டும்? கொலைக்குச் சாட்சி சொல்லப் பிணம் வராது.

நாஸில் நான்கு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரமும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) எடுங்கள். 5-ஆம் எண் ரீஅலோகேட்டட் செக்டார், 197 கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்). மாடலையும் எழுதுங்கள். அதோடு அந்த 2003 விஎம்மின் ஹார்ட்வேர் வெர்ஷன், அதாவது விஎம்வேர் அதற்குக் காட்டும் மெய்நிகர் ஹார்ட்வேரின் தலைமுறை, என்ன?

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

லேட்டன்சி வரிகள் ஏராளம் மேடம். 2 மணியிலிருந்து 4 மணிவரை கொட்டிக் கிடக்கின்றன.

டிஸ்க்: மூன்று நாஸுக்கென்றே விற்கும் வகை. நான்காவது சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். அதில்தான் 197 பூஜ்யம் இல்லை. மற்ற மூன்றும் சுத்தம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, அந்த மழையில் சர்வர் அறைச் சுவரோரம் தண்ணீர் இறங்கி ஒரு டிஸ்க் போனது. ஊரே தண்ணீரில் நிற்கும்போது கிடைத்ததை வாங்கி வந்து ஏஎம்சி ஆள் மாட்டியிருக்கிறார். ரெய்டு பச்சை விளக்கு எரிந்தது, எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

ஹார்ட்வேர் வெர்ஷன் 4.

முத்தியால்பேட்டை அக்கா

4! அதைத்தான் எதிர்பார்த்தேன். இனி கதை முழுசாகச் சேர்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

பேக்கப் மென்பொருள்கள் தினமும் மாறிய பிளாக்கை மட்டும் படிக்க சிபிடி என்ற வசதியை நம்பியிருக்கின்றன. அது ஹார்ட்வேர் வெர்ஷன் 7-இலிருந்துதான் உண்டு. உங்கள் 2003 வெர்ஷன் 4 என்பதால், பேக்கப் ஒவ்வொரு ராத்திரியும் அதன் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது. புதிய விஎம்களில் கொஞ்சம் பிளாக் மட்டும்.

பகலில் அந்த மென்பொருள் தொடுவது டிஸ்க்கின் ஒரு மூலையைத்தான். கெட்டுப்போன செக்டார்கள் வேறு எங்கோ கிடக்கின்றன, பகலில் யாரும் அங்கே போவதில்லை. ராத்திரி பேக்கப் போகிறது.

நாஸ் வகை டிஸ்க்காக இருந்தால் ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் ஏழு விநாடி வாக்கில் கைவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தப் பகுதியைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் அப்படி விடாது. அது தனியாக இருக்கப் பிறந்தது, தன்னிடம் இருக்கும் ஒரே பிரதியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கு மேலும் முட்டிக்கொண்டிருக்கும். நாஸுக்குள் ஓடும் லினக்ஸ் 30 விநாடி பார்த்துவிட்டு லிங்க்கை ரீசெட் செய்யும், மறுபடி கேட்கும், மறுபடி அதே கதை. அதுவரை அந்த ரெய்டில் இருக்கும் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்தில் நாலு செக்டார் கெட்டிருந்தால் இரண்டு நிமிடம் தாராளமாகப் போகும்.

ஆக முதலாளி சொன்னது ஒரு வகையில் சரி. பழசு என்பதால்தான் பழைய பெட்டியில் வைத்தீர்கள், பழைய ஹார்ட்வேர் வெர்ஷனில் விட்டீர்கள். விண்டோஸ் 2003 மட்டும் இதில் ஒன்றும் செய்யவில்லை.

வடலூரான்

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்போது அந்த டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டினால் போதுமா?

முத்தியால்பேட்டை அக்கா

ஐயோ, முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க்கை எடுத்தால் மீதி மூன்றும் கடைசி பிட் வரை ஒழுங்காகப் படிக்க வேண்டும். ரீபில்டில் இன்னொன்றில் ஒரு செக்டார் இடறினால் மொத்தமும் கைவிட்டுப் போகும். 197 பூஜ்யம் என்பதால் மற்ற மூன்றும் நல்லவை என்று அர்த்தம் இல்லை, யாரும் இன்னும் அந்த இடத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்றுகூட இருக்கலாம்.

வரிசை இதுதான்: எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளிருந்தே டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து நாஸுக்கு வெளியே வையுங்கள். டேட்டாபேஸில் சேதம் உண்டா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி ஓட்டுங்கள், நடுவில் இத்தனை ரீசெட் வாங்கிய டேட்டாபேஸ் அது. பிறகு விஎம்மை அணைத்து எஸ்எஸ்டி டேட்டாஸ்டோருக்கு நகர்த்துங்கள், சென்ட்ஓஎஸ்ஸையும்தான். நாஸ் காலியான பிறகு டிஸ்க்கைத் தொடுங்கள். அதுவரை அந்த ஒரு விஎம்முக்கு மட்டும் விஎம் மானிட்டரிங்கை ஓவர்ரைடு போட்டு நிறுத்தலாம். கிளஸ்டர் முழுவதும் வேண்டாம்.

கெடிலக்கரை

அக்கா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. தானே புயல் சமயம், 2011 டிசம்பர் 30, கடலூரில் பல நாள் கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டரில் ஓட்டினோம். அதற்குப் பிறகு அவசரத்துக்கு மாட்டிய பாகங்களைத் தேடித் தேடி மாற்றவே பல மாதம் ஆனது. புயலுக்குப் பிறகு கை வைத்த பெட்டியை எல்லாம் ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

மட்டுறுத்துநர்

2008 ஆர்2-க்குத் தனி இழை தொடங்கலாமே?

நெல்லித்தோப்பு நெட்வொர்க்

வேண்டாம் சார், இங்கேயே இருக்கட்டும். நாளைக்குத் தேடி வருகிறவர்களுக்கும் இதே மாதிரி இரண்டும் கலந்துதான் இருக்கும்.

பக்செக்கோட் 80 என்றாரே, 41-இல் அது பதின்ம எண். பதினாறடிமானத்தில் 50. நான்-பேஜ்டு ஏரியாவில் பேஜ் ஃபால்ட். மினிடம்ப்பை ப்ளூஸ்கிரீன்வியூவில் போட்டு எந்த டிரைவர் பெயர் வருகிறது என்று சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, முதலில் சொல்ல மாட்டேன்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

எஸ்ஆர்வி.சிஸ். எல்லா டம்ப்பிலும் அதேதான்.

நெல்லித்தோப்பு நெட்வொர்க்

நினைத்தது சரி. அது எஸ்எம்பி (விண்டோஸில் ஃபைல் பகிரும் நெறிமுறை) வெர்ஷன் 1-இன் சர்வர் பக்க டிரைவர். உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே ஏதோ ஒரு பிசி 445 போர்ட்டில் எடர்னல்ப்ளூ என்ற தாக்குதலை ஏவிக்கொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. 2017 மே மாதம் வானாகிரை ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியதே, அது பயன்படுத்திய அதே ஓட்டை. அந்தத் தாக்குதல் சரியாக அமைந்தால் உள்ளே புகுந்துவிடும். சரியாக அமையாவிட்டால் மெமரி குழம்பி எதிராளி ப்ளூஸ்கிரீனில் விழுவார். நீங்கள் பார்ப்பது குறி தப்பிய அம்புகள். குறி தப்பாத ஒன்று வருவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

மைக்ரோசாஃப்ட் இதற்குத் தீர்வு கொடுத்தது 2017 மார்ச் 14, எம்எஸ்17-010. 2008 ஆர்2-க்கு கேபி4012212 என்ற எண்ணுள்ள பேட்ச். போட்டிருக்கிறீர்களா?

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

இல்லை சார். 2016-க்குப் பிறகு ஒரு அப்டேட்டும் ஏறவில்லை. 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது' என்று வந்து வந்து நின்றதால் முன்பு இருந்தவர் அப்டேட்டையே அணைத்திருக்கிறார். எஸ்எம்பி 1-ஐ ரெஜிஸ்ட்ரியில் நிறுத்திவிடட்டுமா?

நெல்லித்தோப்பு நெட்வொர்க்

நிறுத்தினால் உங்கள் 2003 அந்த ஃபைல் சர்வரோடு பேச முடியாது. எக்ஸ்பி, 2003 இரண்டுக்கும் எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், 2-ஆம் வெர்ஷன் விஸ்டாவோடுதான் வந்தது. அதனால் பேட்ச்தான் வழி. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து அந்த ஒரு கேபியை மட்டும் கையால் இறக்கிப் போடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு. 2003-க்கும் உண்டு, கேபி4012598. சப்போர்ட் முடிந்த பிறகும் வானாகிரைக்காக விதிவிலக்காகக் கொடுத்தார்கள்.

2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய அப்டேட்களும் வேண்டுமென்றால் 2008 ஆர்2-க்கு முதலில் எஸ்எச்ஏ-2 (அப்டேட்டின் டிஜிட்டல் கையொப்ப முறை) ஆதரவு, கேபி4474419 போட வேண்டும். அது அடுத்த கட்டம்.

ஏவுகிற பிசியைக் கண்டுபிடிக்க, ஸ்விட்ச்சில் சர்வர் போர்ட்டை மிரர் செய்து ஒரு லேப்டாப்பில் வயர்ஷார்க் போட்டு 445-ஐ மட்டும் வடிகட்டுங்கள். சாதாரண பிசி ஒன்றிரண்டு சர்வரைத்தான் தேடும். 'இந்த ஐபி யாருடையது' என்று நெட்வொர்க்கில் கேட்கும் ஏஆர்பியையும் பாருங்கள், வரிசையாக .1, .2, .3 என்று ஊரில் உள்ள எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறவர் ஒருவர் இருப்பார்.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

கிடைத்துவிட்டது. பிரிண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், லேபிள் டிசைனுக்காக வைத்திருக்கும் ஒரு விண்டோஸ் 7. பகல் ஷிஃப்டில் மட்டும் போடுவார்கள், ஞாயிறு லீவு. ஏஆர்பி கேள்வியாக அள்ளி வீசுகிறது. ஆன்டிவைரஸ் என்று ஒரு ஐகான் இருக்கிறது, காலாவதியாகிச் சிவப்பாக. கேபிளை உருவிவிட்டேன். உருவியதிலிருந்து 2008 ஆர்2 விழவில்லை. பேட்ச் இரண்டு சர்வரிலும் ஏறிவிட்டது. அந்த பிசியைத் துடைத்துப் புதிதாக ஏற்றப் போகிறேன்.

நாஸ் பக்கம்: டேட்டாபேஸ் பேக்கப் எடுத்தாச்சு, செக்டிபி சுத்தமாக வந்தது. விஎம்மை அணைத்து நகர்த்தும்போது பாதியில் ஓரிடத்தில் நின்றது, பிறகு மெதுவாக நகர்ந்து முடித்தது. இப்போது 2003, சென்ட்ஓஎஸ் இரண்டும் எஸ்எஸ்டியில். பேக்கப் ஓடியும் 2003 அசையவில்லை, லேட்டன்சி வரி ஒன்றுகூட வரவில்லை. டெஸ்க்டாப் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நாஸ் வகை டிஸ்க்குக்குச் சொல்லியிருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஹார்ட்வேர் வெர்ஷன் 4-ஐ ஏற்றலாமா? தினமும் முழு டிஸ்க்கைப் படிப்பது வீண்தானே.

முத்தியால்பேட்டை அக்கா

ஏற்றலாம், ஏற்றினால் பின்வாங்க முடியாது. அதனால் அணைத்த நிலையில் ஒரு முழு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் டூல்ஸ், பிறகுதான் ஹார்ட்வேர். வரிசை மாறினால் புதிய டிவைஸ்களுக்கு டிரைவர் இல்லாமல் முழிக்கும். 2003-க்குக் கிடைக்கும் கடைசி டூல்ஸ் 10.0.12, அதற்கு மேல் தேடாதீர்கள். ஏற்றிய பிறகு நெட்வொர்க் கார்டைப் புதுசு என்று நினைத்துக்கொள்ளும், கையால் கொடுத்த ஐபி பழைய கார்டோடு ஒளிந்துகொள்ளும். ஐபி, சப்நெட், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வையுங்கள். கன்சோலில் இருந்து செய்யுங்கள், ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்து செய்யாதீர்கள்.

கெடிலக்கரை

ஏற்றிய பிறகு விஎம் மானிட்டரிங் ஓவர்ரைடை எடுத்துவிடுங்கள். டிஸ்க் சரியாக இருந்தால் அது இருப்பது நல்லதுதான். அப்புறம் அந்த ஷட்டவுன் பெட்டியில் நேரத்தையாவது தட்டச் சொல்லி ஷிஃப்ட் ஆட்களிடம் சொல்லி வையுங்கள் தம்பி.

சேதராப்பட்டு சிஸ்டம் ஆள்

சொல்லியாச்சு அண்ணே. ஐபி விவரம் எழுதி கன்சோல் பக்கத்தில் ஒட்டியாச்சு. ஞாயிற்றுக்கிழமை யூனிட் லீவு, அன்றைக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன்.

பண்ருட்டி பலா

அந்தக் கழற்றிய டெஸ்க்டாப் டிஸ்க்கை யாராவது 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று வேறு பிசியில் மாட்டிவிடப் போகிறார்கள். மேலே மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு வையுங்கள் சார்.